பாகும்பாயான் திடல்



நம் ஆலய மண்டபத்தை நம்மோடு பகிர்ந்துகொள்ளும் பிலிப்பைன்ஸ் சகோதரர்களின் வரலாற்றை நம்மில் பலர் அறியோம். படித்த இளைஞர்கள் ஒரு புரட்சியில் ஆற்றிய பங்கை அதில் தெளிவாகக் காணலாம்.

1872 பிப்ரவரி 17. மணிலாவின் பாகும்பாயான் திடலில் மரியானோ கோமெஸ், ஹோசே புர்கோஸ், ஹசிந்தோ சமோரா என்னும் மூன்று குருக்கள் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். கவித்தே கோட்டையில் மூண்ட கலகத்தைத் தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் உண்மையில் கேட்டதோ, பங்குகளை ஸ்பானியத் துறவியரிடமே விட்டுவிடாமல் மண்ணின் குருக்களுக்கும் வழங்க வேண்டும் என்பதே. அவர்களது குருத்துவ நிலையைப் பறிக்குமாறு ஆளுநர் கேட்டபோது பேராயர் மறுத்துவிட்டார். ஆயினும், அவர்களை எதிர்த்து நின்றோரும் நம் திருச்சபையின் துறவியரே என்பதை எழுதுகையில் என் மனம் கூசுகிறது.

புர்கோஸின் இல்லத்தில் தங்கிப் பயின்றவர் பசியானோ. அவருடைய தம்பி ஹோசே ரிசாலுக்கு அப்போது பத்து வயது. 1882இல் ரிசால் ஸ்பெயின் சென்று மருத்துவம் பயின்றார். 1887இல் பெர்லினில் கடன் வாங்கித் தம் முதல் நாவலை அச்சிட்டார். 1891இல் வெளிவந்த இரண்டாம் நாவலை அம்மூன்று குருக்களுக்கே காணிக்கையாக்கினார். புலம்பெயர்ந்த தோழர்கள் நடத்திய 'லா சொலிதாரிதாத்' இதழ் பணமின்றி 1895இல் நின்றது. அதன் ஆசிரியர்களான லோபெஸ் ஹாயேனாவும் மார்செலோ தெல் பிலாரும் மறு ஆண்டே காசநோயால் பார்சலோனாவில் வறுமையில் மாண்டனர். அயல்மண்ணில் இருந்துகொண்டு தாய்மண்ணுக்காக எழுதியவர்களின் முடிவு அது. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால், ஆயுதம் ஏந்திய கத்திபுனானை 1892இல் நிறுவியவர் பட்டதாரியல்லர். பெற்றோரை இழந்து, கைத்தடியும் விசிறியும் விற்றுத் தம்பி தங்கையரை வளர்த்த அந்திரேஸ் போனிபாசியோ. 1896இல் அவர் தூதனுப்பிக் கருத்துக் கேட்டபோது, ஆயுதமும் ஆயத்தமும் இன்றி எழுவது தகாது என்றார் ரிசால். சிறையிலிருந்தும் கிளர்ச்சியைக் கண்டித்தே எழுதினார். அப்படியும் டிசம்பர் 30 அன்று அதே பாகும்பாயானில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் அஞ்சினார் என்போர் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. ஏழைகளின் குருதியே முதலில் சிந்தும் என்று அவர் கலங்கினார் என்றே கருதுகிறேன். அதே வேளை, போனிபாசியோவால் காத்திருக்க இயலாததும் நியாயமே.

இருவருக்கும் இடையே நின்றவர் எமிலியோ ஹசிந்தோ. சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற மாணவர். இருபது வயதுக்குள் கத்திபுனானில் சேர்ந்து அதன் இதழை நடத்தினார். 1897 மே மாதம் போனிபாசியோவைக் கொன்றது ஸ்பெயின் அன்று, புரட்சியாளர்களின் சொந்த அரசே. ஹசிந்தோ அவ்வரசுடன் சேராமல் தனியே போரிட்டு, 1899இல் மலேரியாவால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 23.