காலுக்கும் எஞ்சினுக்கும் இடையே

மோட்டார் காரை ஓட்டுபவர் தம் வலது காலால் அழுத்தும் ஆக்சிலேட்டர் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே என்ன இருக்கிறது? கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பலரும் "ஒரு கம்பி" என்றே விடை சொல்வார்கள். ஒரு காலத்தில் அவ்விடை சரியானதே. ஆனால் இன்றைய கார்களில் அந்த இடத்தில் இருப்பது ஒரு கணிப்பொறி. அக்கணிப்பொறிக்கு முன்னால் இன்னொரு சிறு பெட்டியைச் செருகிவிட்டால் கார் துள்ளிப் பாயும் என்று சொல்லி விற்கும் வணிகம் ஒன்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பல நாடுகளில் நடந்து வருகிறது. 'திராட்டில் கட்டுப்படுத்தி' என்று அப்பெட்டியை அழைக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவுடைய அதனைச் சில நிமிடங்களில் பொருத்திவிடலாம். பொருத்திக்கொண்டவர்கள் வண்டியே மாறிவிட்டது என்கிறார்கள். எஞ்சினில் எதுவுமே மாறவில்லை என்கிறார்கள் பொறியியல் அறிந்தவர்கள். வேடிக்கை என்னவெனில், இரு தரப்பாரும் உண்மையையே சொல்கிறார்கள்! இது எப்படி என்று விளங்கவேண்டுமானால், மிதியின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

'திராட்டில்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் குரல்வளையை நெரித்தல் என்று பொருள். எஞ்சினுக்குள் செல்லும் வழியை நெரித்து, உள்ளே போவதைக் குறைக்கும் வால்வே திராட்டில் வால்வு. இது காரைவிட மிகவும் மூத்தது. ஜேம்ஸ் வாட் 1788-ஆம் ஆண்டில் தம் நீராவி எஞ்சினுக்கு ஒரு கவர்னரை அமைத்தார். சுழலும் தண்டின் இருபுறமும் தொங்கும் இரண்டு கனமான குண்டுகள், எஞ்சின் விரைந்து சுழலும்போது மையவிலக்கு விசையால் விலகி உயரும். உயரும்போது ஒரு நெம்புகோலை இழுத்து நீராவிக் குழாயின் வால்வைச் சற்றே மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வால்வு திறக்கும். காற்றாலைகளில் முன்பே வழங்கிவந்த ஓர் உத்தியை வாட் இவ்வாறு எடுத்துக்கொண்டார். சில கவர்னர்கள் வேகத்தை நிலைநிறுத்துவதற்குப் பதிலாக ஏன் ஊசலாடுகின்றன என்னும் கேள்வியை ஆராய்ந்து, மின்காந்தக் கொள்கையால் புகழ்பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868-இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய கட்டுப்பாட்டுப் பொறியியலின் தொடக்க நூல்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

பெட்ரோல் கார் தோன்றியபோது கவர்னரும் அதனுடன் வந்து சேர்ந்தது. 1890-களின் பிரெஞ்சுக் கார்கள் சிலவற்றில் எஞ்சினின் வேகத்தைத் தீர்மானித்தது ஓட்டுநரின் கால் அன்று, கவர்னர்தான். நிமிடத்திற்கு ஏழெட்டு நூறு சுற்றுகளைத் தாண்டினால், அது புகைபோக்கி வால்வைத் திறக்கவிடாமல் தடுத்து எஞ்சினை அடக்கிவிடும். அவசரத்திற்கு அந்தக் கட்டை நீக்க ஒரு மிதி வைத்தார்கள். அதை அழுத்தினால் கவர்னர் செயலிழக்கும். எஞ்சின் முடுக்கம் பெறும். 'ஆக்சிலேட்டர்', அதாவது முடுக்கி என்ற பெயர் இவ்வாறு வந்ததே. தொ தியோன் பூத்தோன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கார்களிலோ நிலைமை தலைகீழ். அங்கே மிதியை அழுத்தினால் எஞ்சின் வேகம் குறையும்!

1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' காரில் மூன்று மிதிகள் இருந்தன. ஆனால் அவற்றுள் ஒன்றுகூட ஆக்சிலேட்டர் இல்லை. திராட்டில், ஸ்டீயரிங் தண்டின் வலப்புறத்தில் ஒரு கைப்பிடியாக இருந்தது. பின்னர் 1916-ஆம் ஆண்டின் காடிலாக் காரிலும், 1922-இல் வந்து பெருவாரியாக விற்ற ஆஸ்டின் 7 காரிலும் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்ற இன்றைய வரிசை அமைந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக மிதிக்கும் வால்வுக்கும் இடையே இருந்தவை கோல்களும் எஃகுக் கம்பியும்தாம். கால் ஓர் அங்குலம் நகர்ந்தால் வால்வு இத்தனை பாகை திரும்பும் என்பது இரும்பில் எழுதப்பட்ட விதி.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கார்புரேட்டரில் உள்ள வண்ணத்துப்பூச்சி வால்வு, குழாயின் நடுவே ஒரு அச்சில் திரும்பும் வட்டத் தகடு. அது பாதி திரும்பினால் எஞ்சினின் ஆற்றல் பாதியாகும் என்று நினைத்துவிடலாகாது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அது உறிஞ்சும் காற்று கொஞ்சமே. ஆகவே தகடு சிறிதளவு திறந்தாலே தேவையான காற்றில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். அதற்குமேல் திறந்து பயனில்லை. எஞ்சின் விரைந்து சுழலும்போதுதான் முழுத் திறப்புக்கும் வேலை. இதனால் நேரான இணைப்புள்ள கார், கால் பட்டவுடன் வெடுக்கென்று பாயும். இதைத் தவிர்க்கச் சில பொறியாளர்கள் கம்பி சுற்றும் கப்பியை வட்டமாக அமைக்காமல் ஒரு பக்கம் புடைத்த வடிவில் செய்தார்கள். தொடக்கத்தில் வால்வு மெல்லத் திரும்பும், பிறகு விரையும். பந்தயப் பிரியர்களோ அந்தக் கப்பியைக் கழற்றிவிட்டு, சிறு அசைவிலேயே வால்வு அகலத் திறக்கும் வேறு கப்பியை மாட்டினார்கள். மோட்டார் சைக்கிள்களிலும் கால் சுற்றிலேயே முழுவதும் திறக்கும் கைப்பிடிகள் விற்பனைக்கு வந்தன. இன்றைய மின்னணுப் பெட்டியின் பாட்டனார் இவையே எனலாம்.

கம்பி போய்க் கணிப்பொறி வந்தது 1980-களின் பிற்பகுதியில். 1987-இல் அறிமுகமான பி.எம்.டபிள்யூ 750 என்ற பன்னிரண்டு சிலிண்டர் காரில் மிதிக்கும் வால்வுக்கும் இடையே மின்சாரத் தொடர்பு மட்டுமே இருந்தது. ஏர்பஸ் ஏ320 விமானம், விமானியின் கைக்கும் இறக்கைக்கும் இடையே மின் சைகைகளை வைத்துக்கொண்டு முதன்முதலாகப் பறந்ததும் அதே ஆண்டில்தான். அடுத்த இருபது ஆண்டுகளில் இம்முறை சாதாரணக் கார்களுக்கும் பரவிவிட்டது. வழுக்கும் சாலையில் சக்கரம் சுழன்றால் எஞ்சினை அடக்கவும், புகையின் நச்சைக் குறைக்கவும், கியர் மாறும்போது குலுக்கலைத் தணிக்கவும் கணிப்பொறியின் கையில் வால்வு இருப்பது பெரும் வசதி.

இம்முறையில் நடப்பது இதுதான். மிதியின் அடியில் இரண்டு உணர்விகள் உள்ளன. மிதி எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதை ஒவ்வொன்றும் ஒரு மின்னழுத்தமாகச் சொல்லும். பல கார்களில் ஒன்றின் அளவு மற்றதில் பாதியாக இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால், ஏதோ கோளாறு என்று உணர்ந்து கணிப்பொறி எஞ்சினை நொண்டும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். பொருந்தினால், அந்த அளவை ஓட்டுநரின் விருப்பமாக எடுத்துக்கொண்டு, தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்த்து, வால்வை எத்தனை பாகை திறப்பது என்று முடிவு செய்யும். ஒரு சிறு மோட்டார் வால்வைத் திருப்பும். ஆக, மிதி இப்போது கட்டளை இடுவதில்லை, விண்ணப்பம் போடுகிறது.

விண்ணப்பம் என்றாலே தாமதம் உண்டல்லவா? வால்வு முழுவதும் திரும்ப ஒரு வினாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பிடிக்கிறது. ஆனால் அதற்கு முன்பே, திடீர் மிதிப்பால் சக்கர இணைப்புகள் அதிராமல் இருக்கவும், எரிபொருள் வீணாகாமல் இருக்கவும், வேண்டுமென்றே கட்டளையை மழுப்பும்படி உற்பத்தியாளர்கள் கணிப்பொறியைப் பழக்கியிருக்கிறார்கள். சில கார்களில் மிதியின் முதல் பகுதி ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும். டர்போ பொருத்திய எஞ்சினானால், அதன் விசிறி நிமிடத்திற்கு லட்சம் சுற்றுகளுக்குமேல் சுழல வேண்டியிருப்பதால், அது வேகம் பிடிக்கும் நேரமும் சேர்ந்துகொள்ளும். கம்பி வண்டியில் பழகியவருக்கு இந்த மந்தம் எரிச்சலூட்டியதில் வியப்பில்லை.

இந்த எரிச்சல்தான் சந்தையாயிற்று. ஸ்பிரின்ட் பூஸ்டர், பெடல்பாக்ஸ் போன்ற பெயர்களில் விற்கப்படும் பெட்டிகள், மிதிக்கும் கணிப்பொறிக்கும் இடையே உட்கார்ந்து, உணர்விகள் சொல்லும் இரண்டு மின்னழுத்தங்களையும் ஒரே சீராக மிகைப்படுத்தி அனுப்புகின்றன. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கோட்டில் மிதியின் அழுத்தத்தையும், செங்குத்துக் கோட்டில் கணிப்பொறிக்குப் போகும் செய்தியையும் 0 முதல் 100 வரை குறியுங்கள். பெட்டி இல்லாதபோது கிடைப்பது மூலைவிட்டமான நேர்கோடு. பெட்டி இருக்கும்போது மேல்நோக்கி வளைந்த கோடு. எடுத்துக்காட்டாக, மிதியில் மீதமுள்ள பங்கை அதே எண்ணால் பெருக்கி ஒன்றிலிருந்து கழிக்கும் ஒரு பெட்டியைக் கற்பனை செய்தால், 20 விழுக்காடு மிதித்தால் 36 என்று செய்தி போகும், 50-க்கு 75, 80-க்கு 96. ஆனால் 100-க்கு? 100-தான். இரு கோடுகளும் தொடங்குவது ஒரே புள்ளியில், முடிவதும் ஒரே புள்ளியில்.

வழக்கின் தீர்ப்பு இந்தப் படத்திலேயே இருக்கிறது. மிதியை அடிவரை அழுத்திக் காரைக் கிளப்பி, குறிப்பிட்ட வேகத்தை எட்டும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தால், பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடைமுறையில் ஒரே விடைதான் வரவேண்டும். எஞ்சினுக்குள் ஒரு சொட்டுப் பெட்ரோலும் ஒரு மூச்சுக் காற்றும் கூடுதலாகப் போகவில்லை. டர்போவும் விரைவாகச் சுழலவில்லை. கணிப்பொறி தன் உள்ளே செய்யும் மழுப்பலையும் பெட்டியால் தொடமுடியாது. அது மாற்றுவது, கால் எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற விகிதத்தை மட்டுமே. காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இலவசமாகக் கிடைக்கக்கூடியது அது.

அப்படியானால் வாங்கியவர் உணர்ந்தது பிரமையா? இல்லை. நம் உடல் முடுக்கத்தை மட்டும் அல்ல, முடுக்கம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையும் உணர்கிறது. முதுகை இருக்கை சட்டென்று தள்ளினால், 'வலிமையான வண்டி' என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. உறங்கிக் கிடந்த மிதியின் முதல் பகுதி விழித்துக்கொண்டதால், நகரச் சாலையில் ஓட்டுவது சிலருக்கு உண்மையிலேயே இதமாகிறது. மிகவும் மந்தமாக அமைக்கப்பட்ட வண்டிகளில் அந்த இதத்திற்கு ஒரு விலை கொடுக்கலாம் என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் மேலே வரைந்த கோட்டை மறுபடி பாருங்கள். தொடக்கத்தில் செங்குத்தாக ஏறும் அக்கோடு, முடிவில் படுத்துவிடுகிறது. மிதியின் கடைசிப் பகுதி இப்போது உறங்குகிறது! தொடக்கப் பகுதியிலோ ஒரு மயிரிழை அசைவும் பெரிதாகிறது. குறுகிய இடத்தில் பின்னோக்கி வண்டியை நிறுத்தும்போதும், மழையில் நனைந்த சாலையிலும் நமக்கு வேண்டிய நிதானம் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இருந்தது.

விலையையும் இதத்தையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2009-இல் கலிபோர்னியாவில் ஒரு லெக்சஸ் கார் கட்டுக்கடங்காமல் பாய்ந்து நால்வர் மாண்டனர். டொயோட்டா நிறுவனம் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மின்னணு திராட்டில்தான் குற்றவாளியோ என்ற ஐயம் எழவே, விண்வெளி நிறுவனமான நாசாவின் பொறியாளர்களிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. வால்வை அகலத் திறந்துவிடக்கூடிய மின்னணுக் கோளாறு எதையும் தாங்கள் காணவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. தரைவிரிப்பு மிதியில் சிக்கிக்கொள்வதும், மிதியே ஒட்டிக்கொள்வதும் காரணங்களாகக் காட்டப்பட்டன. ஆயினும் சில மிதி உணர்விகளில் வெள்ளீயத்திலிருந்து முளைத்த நுண்ணிய உலோக இழைகள் இருந்ததை அவர்கள் கண்டார்கள். 2013-இல் ஒக்லஹாமா மாநில ஜூரிகள், மென்பொருளைக் குறைகூறிய ஒரு வழக்கில் நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். நாசாவின் அறிக்கைக்குப் பின்னும் விவாதம் தீராததற்கு இது ஒரு சான்று.

இரண்டு உணர்விகள் ஒன்றையொன்று சரிபார்க்கும் ஏற்பாடு எதற்காக என்பது இப்போது விளங்கும். பெட்டி அமர்வது சரியாக அந்த ஏற்பாட்டின் நடுவில். அது இரண்டு செய்திகளையும் பொருந்தும்படி திருத்தி அனுப்புவதால், கணிப்பொறிக்கு எது ஓட்டுநரின் கால், எது பெட்டியின் மிகை என்று தெரிய வழியில்லை. அடியில் நிறைய கம்பி இணைப்புகளைச் சோதித்து வெளிவந்த ஒரு வண்டியில், சோதனை பற்றி நமக்கு எதுவும் சொல்லாத ஓர் இணைப்பைக் கூடுதலாகச் செருகுகிறோம். பிரேக்கை அழுத்தினால் திராட்டில் கட்டளையைப் புறக்கணிக்கும் ஏற்பாடு இப்போது பெரும்பாலான கார்களில் இருப்பது ஓர் ஆறுதல்.

இதற்கிடையில் உற்பத்தியாளர்களே 'ஸ்போர்ட்', 'ஈகோ' என்று பொத்தான்களை வைத்து, மிதியின் கோட்டை ஓட்டுநர் விருப்பம்போல் வளைத்துக்கொள்ள வழிசெய்துவிட்டார்கள். மின்சாரக் கார்களிலோ நெரிப்பதற்குக் காற்றுக் குழாயே இல்லை. வாட்டின் வால்வு அங்கே மறைந்துவிட்டது. மின் மோட்டார் ஒரு வினாடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே முழு விசையையும் தரவல்லது. அப்படியே விட்டால் பயணிகளின் தலை பின்னோக்கி வெட்டும் என்பதால், அதன் கணிப்பொறியில் விசையைச் சற்றே தாமதித்துக் கொடுக்கும்படி பொறியாளர்கள் எழுதி வைக்கிறார்கள்.