7-ஏ வந்த வழி

1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்தது. ஓமம் வளர்க்கவில்லை, மந்திரம் ஓதவில்லை. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு ஊர் ஊராக இது பரவியது. தலைவர் ஒருவர் பேசுவார், பெண்ணும் மாப்பிள்ளையும் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள், பந்தி நடக்கும். உறவு ஒப்புக்கொண்டது, ஊரும் ஒப்புக்கொண்டது. சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நம் குடும்பங்களில் சட்டத்தின் நினைப்பு வருவதே சண்டை வந்த பிறகுதான்.

1953-இல் அந்தக் கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. இந்துத் திருமணம் என்றால் சடங்கு வேண்டும். சடங்கில்லாமல் மணப்பதுதான் எங்கள் வழக்கம் என்றால், அந்த வழக்கம் தொன்றுதொட்டு வந்ததாக இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தோன்றிய முறையை வழக்கம் என்று ஏற்க முடியாது. எனவே இது செல்லாது என்றது தீர்ப்பு. இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த முறையில் மணந்தவர்கள் எல்லோருடைய தாம்பத்தியமும் ஒரே நாளில் கேள்விக்குறி ஆனது. அவர்களுடைய பிள்ளைகளின் வாரிசுரிமையும்தான். நீதிபதிகளைத் திட்டுவது சுலபம். ஆனால் பழமைதான் வழக்கத்துக்குச் சான்று என்று சொல்லும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழமையை எதிர்த்தே பிறந்த ஒரு முறைக்கு அவர்கள் எங்கிருந்து இடம் கொடுப்பார்கள்? அது சட்டமன்றம் செய்ய வேண்டிய வேலை. முன்மாதிரியும் இருந்தது. சீக்கியர்களின் ஆனந்த் முறைத் திருமணத்துக்காக 1909-லேயே தனிச் சட்டம் வந்திருந்தது.

1955-இல் நாடாளுமன்றம் இந்து திருமணச் சட்டத்தை இயற்றியபோது வழி பிறந்திருக்கலாம். பிறக்கவில்லை. அதன் 7-ஆம் பிரிவு, மணமக்களில் ஒருவருடைய வழக்கப்படியான சடங்குகளோடு திருமணம் நடக்க வேண்டும் என்றது. சப்தபதி உள்ள முறையானால் ஏழாவது அடி வைத்ததும் திருமணம் முழுமை பெறும் என்றது. 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறதே, அங்கே போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். சாதி மாறிக் காதலித்தவர்களுக்கு அந்த ஒரு மாதம் போதும், வீட்டார் கையில் சிக்குவதற்கு.

1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சர் ஆனார். அந்த ஆண்டு முடிவதற்குள், இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி இந்த முறைக்கு இடம் தரும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. ஆனால் மத்திய சட்டம் ஒன்றில் ஒரு மாநிலம் கைவைப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை. திருமணம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலமும் சட்டம் இயற்றலாம், மத்திய அரசும் இயற்றலாம், மோதினால் மத்திய சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் மட்டும் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் மேலோங்கும். 254-ஆவது பிரிவு திறந்து வைத்த அந்த வாசல் வழியாகக் கோப்பு டெல்லி போயிற்று. 1968 ஜனவரி 17-இல் ஒப்புதல் கிடைத்தது. மாநிலத்துக்கே இன்னும் தமிழ்நாடு என்ற பெயர் வந்திருக்கவில்லை. ஆகவே திருத்தத்தின் பெயரிலும் மெட்ராஸ்தான்.

இப்படிப் பிறந்ததுதான் 7-ஏ பிரிவு. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலோ விரலில் மோதிரம் போட்டாலோ போதும். தாலி கட்டினாலும் போதும். மூன்றில் ஏதாவது ஒன்று. தாலி வேண்டாம் என்பவருக்கும் இடம் உண்டு, தாலியை விட மனமில்லாதவருக்கும் இடம் உண்டு.

எனக்கு இந்தப் பிரிவில் மாலையைவிடவும் மோதிரத்தைவிடவும் பிடித்தது, பலர் படிக்காமல் தாண்டிவிடும் பின்பகுதி. திருத்தத்துக்கு முன் இந்த முறையில் நடந்த திருமணங்களும், நடந்த நாளிலிருந்தே செல்லும் என்கிறது அது. பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகள் ஆனார்கள். ஆனால் பின்னால் திரும்பிப் போய் எல்லாவற்றையும் செல்லுபடியாக்கினால் ஒரு விபரீதம் நேரும். உன் கல்யாணம் கல்யாணமே இல்லை என்று சொல்லப்பட்ட ஒரு பெண், அதற்குப் பிறகு சட்டப்படி வேறொருவரை மணந்திருந்தால்? பழைய கணவர் மறுபடியும் கணவராகி விடுவாரே! வரைவு எழுதியவர்கள் அதையும் யோசித்திருக்கிறார்கள். அப்படி மறுமணம் செய்துகொண்ட பெண்ணின் முதல் திருமணத்துக்கு இந்தத் திருத்தம் உயிர் கொடுக்காது என்று தனியே எழுதி வைத்தார்கள். அதே சமயம் அந்த முதல் உறவில் பிறந்த பிள்ளைக்கு உரிமை போகாதபடியும் பார்த்துக்கொண்டார்கள். சட்டமன்றத்தில் கைதட்டல் எதற்குக் கிடைத்திருந்தாலும், வேலை நடந்த இடம் இதுதான் என்பேன்.

பிறகு 7-ஏ தன்னைப் பெற்றவர்கள் நினைக்காத இடங்களுக்கெல்லாம் போனது. மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டிய ஒருவர், ஏழடி வைக்கவில்லை, ஆகவே இரண்டாவது கல்யாணம் நடக்கவே இல்லை, நான் குற்றவாளி இல்லை என்று வாதாடினார். 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 7-ஏ இருக்கிறது, தாலி கட்டியதே திருமணம், எனவே இருதார மணக் குற்றம் பொருந்தும் என்றது. திருமணத்தைக் காப்பாற்ற வந்த பிரிவு, திருமணத்தை மறுத்துத் தப்பிக்கப் பார்த்தவரைப் பிடித்துக் கொடுத்தது.

அடுத்த சிக்கல் வக்கீல் அறைகளில் எழுந்தது. ஓடி வந்த ஜோடிக்கு வக்கீல் அலுவலகத்திலேயே மாலை மாற்றிச் சான்றிதழ் கொடுப்பது பெருகிய நிலையில், ரகசியமாக நடப்பது 7-ஏ திருமணம் ஆகாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. காசுக்குச் சான்றிதழ் விற்கப்படும் என்ற கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பிரிவின் வாசகத்தில் ‘பகிரங்கமாக’ என்று எங்கும் இல்லை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிராகரித்தது. குடும்ப எதிர்ப்புக்கு அஞ்சும் ஜோடியை ஊரறிய மணக்கச் சொல்வது அவர்களை ஆபத்தில் தள்ளுவதாகும் என்றது. வக்கீலும் தொழில்முறையில் அல்லாமல், நண்பராக அங்கே நிற்கலாம்.

இந்தச் சலுகையெல்லாம் மாநில எல்லை வரைதான். மத்திய சட்டத்தின் 7-ஆம் பிரிவு 1955-இல் எழுதியபடியே இருக்கிறது. 2024 ஏப்ரலில், பதிவுச் சான்றிதழ் வைத்திருந்தும் சடங்கு எதுவும் செய்யாத ஒரு வட இந்திய ஜோடி சட்டத்தின் கண்ணில் தம்பதியே அல்ல என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.