காலி இருக்கை கற்றுக்கொடுத்த வியாபாரம்

விமானத்தின் கதவு மூடிய பிறகு உள்ளே காலியாக இருக்கும் இருக்கைக்கு விலை கிடையாது. அந்திக் கடையில் மிஞ்சிய கீரையையாவது பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். பறக்கத் தொடங்கிய இருக்கையை யாரிடம் விற்பது? விமானியின் சம்பளமும் விமான நிலையக் கட்டணமும் அந்த இருக்கை நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் செலவாகப் போகிறவை. அதில் ஒருவரை இலவசமாக உட்காரவைத்தால் நிறுவனத்துக்குக் கூடுதலாக ஆவது கொஞ்சம் எரிபொருளும் ஒரு கோப்பைக் காப்பியும்தான். டிக்கெட் வாங்க வந்தவருக்கோ அதே இருக்கை 300 டாலர். விமான நிறுவனத்தின் பெயர் பொறித்த கிரெடிட் கார்டு, அதில் சேர்ந்தவுடன் தரப்படும் ஆயிரக்கணக்கான போனஸ் மைல்கள், கூட ஒருவரை அழைத்துப்போகும் சலுகை ஆகிய மூன்றும் இந்த விலை வித்தியாசத்தில் இருந்து பிறந்தவை. பிறந்த இடம் அமெரிக்கா.

மூன்றில் மூத்தது துணைப் பயணிச் சலுகை. 1948-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குடும்பக் கட்டணத் திட்டம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. வாரத்தில் கூட்டம் குறைந்த நாட்களில் ஒருவர் முழு டிக்கெட் எடுத்தால் குடும்பத்தினர் குறைந்த கட்டணத்தில் உடன் வரலாம். அன்று விமானத்தில் ஏறியவர்களில் பெரும்பாலோர் அலுவல் நிமித்தம் போகும் ஆண்கள். அவர்கள் எப்படியும் பறப்பார்கள், பக்கத்து இருக்கைதான் சும்மா போகிறது. மனைவியை வரவழைத்தால் அரை டிக்கெட் காசாவது தேறும் என்பது கணக்கு. 1967-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ், கணவனின் அலுவல் பயணத்தில் தன்னையும் அழைத்துப்போகச் சொல்லி மனைவி கேட்பதையே விளம்பரமாக்கியது.

இப்படிச் சுற்றுவழி தேட வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. 1938 முதல் அமெரிக்காவில் எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை அரசுதான் தீர்மானித்தது. விலையில் போட்டியிட முடியாதவர்கள் உபசாரத்தில் போட்டியிட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 747 விமானங்களில் பியானோ வைத்த மதுக்கூடமே நடத்தியது.

1978 அக்டோபர் 24 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் விமானத் துறைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். வழித்தடமும் கட்டணமும் திறந்த சந்தைக்கு வந்தன. 1981 ஏப்ரல் 30 அன்று பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கட்டண நிறுவனம் நியூவார்க்கில் இருந்து பறக்கத் தொடங்கியது. அதற்கு மறுநாள், மே 1 அன்று, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் அட்வான்டேஜ் திட்டம் வெளிவந்தது. தேதிகள் அடுத்தடுத்து அமைந்தது தற்செயல்தான், ஆனால் இரண்டையும் பிறப்பித்த நெருக்கடி ஒன்று. இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் இல்லாத பண்டத்தை விற்கிறவன், விலையைக் குறைக்காமல் வாடிக்கையாளரை எப்படிக் கட்டிவைப்பது?

பறப்பவருக்கு வெகுமதி தருவது அதற்கு முன்பும் நடந்ததுதான். டெக்சஸ் இன்டர்நேஷனல் 1979-இலேயே ஒரு திட்டம் நடத்தியது. ராபர்ட் கிராண்டலின் தலைமையில் இருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸிடம் கூடுதலாக இருந்தது சேபர் என்ற கணினி முன்பதிவு முறை. அதில் ஒரே தொலைபேசி எண் திரும்பத் திரும்ப வரும் பதிவுகளைத் தேடியெடுத்து, அடிக்கடி பறப்பவர்கள் யார் என்று கண்டுபிடித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு எண் கொடுத்தார்கள். பறந்த மைல்கள் அந்தக் கணக்கில் சேரும், போதிய அளவு சேர்ந்தால் இலவசப் பயணம். யுனைடெட் சில நாட்களிலேயே தன் திட்டத்தை அறிவித்தது, மற்றவர்களும் வரிசையாக வந்து சேர்ந்தார்கள்.

மைல் முறையின் சூட்சுமம் மைல் யார் பெயரில் சேர்கிறது என்பதில் இருந்தது. டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பது அலுவலகம், மைல் சேர்வதோ ஊழியரின் சொந்தக் கணக்கில். அலுவலகச் செலவில் பறந்தவர் சேர்ந்த மைலை வைத்துக் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஹவாய் போனார். அப்படிப்பட்டவர் பத்து டாலர் மலிவு என்பதற்காக வேறு விமானம் ஏறுவாரா? அலுவல் பயணத்தில் சேர்ந்த மைல்களுக்கு வரி கேட்டு வரமாட்டோம் என்று அமெரிக்க வருமான வரித் துறை 2002-இல் அறிவித்தபோது, இந்த ஏற்பாட்டுக்கு அரசின் மறைமுகச் சம்மதமும் கிடைத்தது.

இதுவரை கதையில் வங்கி வரவில்லை. வங்கிகளுக்கு வேறொரு தலைவலி இருந்தது. 1958-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் சுமார் 60,000 கிரெடிட் கார்டுகளை, யாரும் கேட்காமலே, வீடு வீடாகத் தபாலில் அனுப்பியது. மற்ற வங்கிகளும் அதையே செய்தன. தபால் பெட்டியில் இருந்து கார்டுகள் திருடுபோயின, வாங்காத பொருளுக்கு மக்களுக்கு பில் வந்தது. கேட்காதவருக்குக் கார்டு அனுப்பக் கூடாது என்று 1970-இல் சட்டம் வந்தது. அதுவரை கார்டைக் கையில் திணித்த வங்கி, இனி வாடிக்கையாளரே வந்து கேட்கும்படி செய்ய வேண்டும். சேர்ந்தால் பரிசு என்ற பழக்கத்துக்கு இங்கேதான் தேவை எழுந்தது.

பரிசுக்குப் பணம் எங்கிருந்து வரும்? அதற்கும் 1978-இலேயே வழி பிறந்தது. அந்த டிசம்பரில் மார்க்வெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு தேசிய வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தில் செல்லும் வட்டியை நாடு முழுவதும் உள்ள வாடிக்கையாளர்களிடம் வாங்கலாம் என்றது தீர்ப்பு. சௌத் டகோட்டா வட்டி உச்சவரம்பை எடுத்துவிட, நியூயார்க்கின் சிட்டிபேங்க் தன் கார்டு தொழிலை அந்த மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகருக்குக் கொண்டுபோனது. ஒரே ஆண்டில் வானத்தில் கட்டணக் கட்டு அவிழ்ந்தது, தரையில் வட்டிக் கட்டு தளர்ந்தது.

இரு தரப்பும் சந்தித்தது 1986-இல். கான்டினென்டல் ஏர்லைன்ஸும் மரீன் மிட்லண்ட் வங்கியும் சேர்ந்து விமான நிறுவனத்தின் பெயரில் ஒரு மாஸ்டர்கார்டு வெளியிட்டன. அடுத்த ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சிட்டிபேங்கும் கைகோத்தன. மளிகை வாங்கினாலும் பெட்ரோல் போட்டாலும் டாலருக்கு ஒரு மைல். மைல் சேர்க்கப் பறக்க வேண்டும் என்ற நிபந்தனை அன்றோடு போயிற்று.

ஏற்பாடு எளிமையானது. வாடிக்கையாளர் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடம் இருந்து, அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டு சதவீதம், வங்கிக்குக் கட்டணமாக வருகிறது. அதில் ஒரு பகுதியைக் கொடுத்து வங்கி விமான நிறுவனத்திடம் மைல்களை மொத்தமாக வாங்குகிறது. விலை ஒப்பந்தத்துக்குள் இருக்கும் ரகசியம், ஆனால் மைலுக்கு ஒரு சென்ட்டுக்குச் சற்று மேலே என்பது துறையில் பொதுவாகப் பேசப்படும் கணக்கு. விமான நிறுவனம் பணத்தை இன்றே வாங்கிக்கொள்கிறது, இருக்கையைப் பின்னொரு நாள் தருகிறது, சில மைல்களுக்குத் தரவே நேர்வதில்லை. கடைக்காரரிடம் வாங்கும் கட்டணம்தான் இதற்கு அடிவேர் என்பதற்கு ஐரோப்பா சாட்சி. அங்கே 2015 முதல் அந்தக் கட்டணத்துக்கு 0.3 சதவீத உச்சவரம்பு, அமெரிக்கா அளவுக்குப் போனஸ் கொட்டிக்கொடுக்க வங்கிகளின் கையில் மிச்சம் இல்லை.

அமெரிக்காவில் போனஸ் ஏலம்போல ஏறியது. 2016-இல் ஜேபி மார்கன் சேஸ் வெளியிட்ட சஃபையர் ரிசர்வ் என்ற பயண கார்டு, சேர்ந்தவர்களுக்கு 1,00,000 பாயின்ட் தந்தது. வாடிக்கையாளர்கள் திரண்டதில் ஒரே காலாண்டில் வங்கியின் லாபம் குறைந்தது 20 கோடி டாலர் குறையும் என்று அதன் தலைவர் ஜேமி டைமனே சொன்னார். போனஸுக்காகவே கார்டு வாங்கிப் பிறகு தூக்கிப்போடும் கூட்டத்தைச் சமாளிக்க வங்கிகளும் வேலி போட்டன. முதல் மூன்று மாதத்தில் இத்தனை ஆயிரம் டாலர் செலவழித்தால்தான் போனஸ், கடந்த இரண்டு ஆண்டில் ஐந்து கார்டு வாங்கியவருக்குக் கதவடைப்பு என்பன அந்த வேலிகள்.

இந்தப் போட்டியில்தான் 1948-இன் பழைய சலுகை புது உடுப்பில் திரும்பி வந்தது. அலாஸ்கா ஏர்லைன்ஸின் கார்டு வைத்திருப்பவர் ஆண்டுச் செலவு வரம்பை எட்டினால், ஒரு டிக்கெட்டை முழு விலைக்கு வாங்கி, இரண்டாமவருக்கு 99 டாலரும் வரியும் கட்டினால் போதும். டெல்டாவின் உயர்வகைக் கார்டுகள் துணைப் பயணிச் சான்றிதழை ஆண்டுதோறும் தருகின்றன, ஆனால் கார்டைப் புதுப்பிக்கும்போதுதான். அதாவது இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டியவருக்கே அது. எல்லாவற்றிலும் தாராளமானது சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸின் கம்பேனியன் பாஸ். ஒரு காலண்டர் ஆண்டில் 1,35,000 பாயின்ட் சேர்த்தவர், அந்த ஆண்டின் மிச்சமும் அடுத்த ஆண்டு முழுவதும், தான் பறக்கும் ஒவ்வொரு முறையும் ஒருவரை அழைத்துப்போகலாம். உள்நாட்டுப் பயணத்தில் உடன் வருபவர் கட்டுவது ஒரு வழிக்கு 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணம் மட்டும். கார்டு போனஸும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் போனஸ் ஜனவரியில் வந்து விழும்படி பார்த்துக்கொள்கிறார்கள். டிசம்பரில் விழுந்தால் பாஸ் ஓராண்டோடு முடியும், ஜனவரியில் விழுந்தால் ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஓடும்.

துணைப் பயணியின் விலையைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்பதை விமான நிறுவனமே ஒருமுறை அனுபவித்தது. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏர்பாஸ் என்ற வாழ்நாள் பாஸ் விற்றது. 2,50,000 டாலர் கட்டியவர் ஆயுள் முழுக்க முதல் வகுப்பில் எத்தனை முறையும் பறக்கலாம். பின்னர் 1,50,000 டாலர் கூடுதலாகக் கட்டியவர்களுக்குத் துணை இருக்கையும் கிடைத்தது. வாங்கியவர்கள் ஓயாமல் பறந்தார்கள். காலி இருக்கை என்று நினைத்துக் கொடுத்தது, காசுக்கு விற்றிருக்கக்கூடிய முதல் வகுப்பு இருக்கையாகப் போனது. துணை இருக்கையைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லி 2008-இல் சிலருடைய பாஸை நிறுவனம் ரத்து செய்ய, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

மைல் வியாபாரம் எவ்வளவு வளர்ந்தது என்பது கொரோனா காலத்தில் வெளிப்பட்டது. 2020-இல் கடன் வாங்க வந்த யுனைடெட், தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தை அடமானம் வைத்தது. அந்தத் திட்டத்துக்கு மட்டும் சுமார் 2,200 கோடி டாலர் மதிப்புச் சொல்லப்பட்டது. விமானங்களையும் சேர்த்து முழு நிறுவனத்தின் பங்குச் சந்தை மதிப்பு அன்று அதைவிடக் குறைவு. இந்தியாவிலும் ஓர் உதாரணம் உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. அதன் ஜெட் பிரிவிலேஜ் திட்டமோ இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, விமானம் இல்லாமலே தொடர்ந்து நடந்தது.

பிறந்த கதை தெரிந்தவருக்குக் கார்டை எடைபோடுவது கடினமில்லை. விளம்பரம் சொல்வது விற்கிறவரின் விலை. நாம் பார்க்க வேண்டியது, அந்தப் பயணத்துக்கு நம் பையில் இருந்து எவ்வளவு போயிருக்கும் என்பதை. செலவுக்குச் சேரும் மைலும் உட்பட 60,000 மைல் போனஸ், ஆண்டுக் கட்டணம் 95 டாலர், மூன்று மாதத்தில் 3,000 டாலர் செலவு என்று ஒரு கார்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எப்படியும் போகவிருந்த 300 டாலர் பயணத்துக்கு 25,000 மைல் கேட்கிறார்கள் என்றால் மைலுக்கு 1.2 சென்ட், போனஸின் மதிப்பு 720 டாலர். அதில் ஆண்டுக் கட்டணம் 95 போகும். அதே 3,000 டாலரை இரண்டு சதவீதம் பணமாகத் திருப்பித் தரும் சாதாரண கார்டில் செலவழித்திருந்தால் கிடைத்திருக்கும் 60 டாலரும் போகும். நிகரம் 565. போகவே நினைக்காத ஊருக்கு மைல் இருக்கிறதே என்று கிளம்பினால் இந்தக் கணக்கு செல்லாது. மைல்களை வருடக்கணக்கில் பூட்டிவைப்பதிலும் லாபமில்லை. இலவசப் பயணத்துக்கு எத்தனை மைல் என்ற நிலையான பட்டியலை டெல்டா 2015-இலேயே எடுத்துவிட்டது, அச்சடிப்பவரே விலையையும் மாற்றும் நாணயம் இது.

துணைச் சலுகைக்கு இன்னும் கறாரான கணக்கு வேண்டும். 450 டாலர் டிக்கெட் ஒன்றோடு இரண்டாவது டிக்கெட் வரியோடு 122 டாலர், ஆக 572. 328 டாலர் மிச்சம் என்று தோன்றும். அதே நாளில் இன்னொரு நிறுவனம் தலைக்கு 320 டாலருக்கு அழைத்துப்போனால் இருவருக்கும் 640. உண்மையான மிச்சம் 68 டாலர், ஆண்டுக் கட்டணமான 95-க்குக்கூடக் கட்டாது. வீட்டில் இருவரும் சேர்ந்து, அந்த நிறுவனம் பறக்கும் ஊர்களுக்கு, ஆண்டுக்குப் பல முறை போகிறவர்களாக இருந்தால் மட்டுமே துணைச் சலுகை விளம்பரத்தில் சொன்ன மதிப்பை எட்டும்.

ஆனால் போனஸுக்காகச் செலவழித்த அந்த 3,000 டாலரை அடைக்காமல் ஓராண்டு இழுத்தடித்தால், அமெரிக்கக் கார்டுகளில் இன்று சகஜமான 21 சதவீதத்தில் வட்டி மட்டும் 630 டாலர். போனஸின் நிகர லாபம் 565-ஐ விழுங்கி மேலும் கேட்கும். கடைக்காரரின் கட்டணத்தோடு இப்படி வட்டி கட்டுகிறவர்களும் இருப்பதால்தான் மற்றவர்களுக்குப் போனஸ் கட்டுப்படியாகிறது. கிரெடிட் கார்டு வெகுமதிகளால் ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி டாலர் வசதியும் படிப்பும் குறைந்தவர்களிடம் இருந்து கூடியவர்களுக்குக் கைமாறுகிறது என்று அமெரிக்க மத்திய வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மாதாமாதம் பாக்கியில்லாமல் அடைப்பவருக்கு விமான கார்டு லாபம். அடைக்க முடியாதவர் அதை வாங்கினால், முகம் தெரியாத யாரோ ஒருவரின் துணைப் பயணிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்.