அரங்கின் ஒலியும் ஆளும் கரமும்

நாடக வரலாறு எழுதுவோர் எழுத்தையும் நடிப்பையும் பற்றி விரிவாகப் பேசுவர். ஒலியைப் பற்றிப் பேசுவது அரிது. ஆனால், இயந்திர யுகத்தின் அரங்கில் ஒலி வெறும் பின்னணியன்று. அதனை எழுப்புபவர் யார், கேட்டு அடங்கியிருப்பவர் யார் என்பது ஒரு சமுதாய வினாவாகும்.

1922 நவம்பர் 7ஆம் நாள், ஒக்டோபர் புரட்சியின் ஐந்தாம் ஆண்டு நிறைவன்று, எண்ணெய் நகரமாகிய பாக்குவில் ஆர்செனி அவ்ராமோவ் நகரத்தையே வாத்தியமாக்கினார். ஆலைச் சங்குகளும் கப்பல்களின் ஊதல்களும் புகையிரதங்களும் பீரங்கிகளும் பாடகர் குழுக்களும் கொடிச் சைகைக்கு இசைந்து ஒலித்தன. தொழிலாளியை நாள்தோறும் வேலைக்கு அழைத்த சங்கு, அன்று அவனது விழாவுக்காக முழங்கியது.

அடுத்த அடியை ஜேர்மனியிற் காண்கிறோம். 1929 ஜூலையில், பாடன்-பாடன் நகரில், லிண்ட்பேர்க்கின் அத்திலாந்திக் விமானப் பயணத்தைப் பொருளாகக் கொண்ட பிறெக்டின் வானொலி நாடகம் அரங்கேறியது. கூர்ட் வைலும் ஹிண்டெமித்தும் அதற்கு இசையமைத்தனர். மேடையின் ஒருபுறம் வானொலியாக வாத்தியக் குழுவும் பாடகரும் அமர்ந்தனர். மறுபுறம், மேலங்கி களைந்த ஒருவர் இசைக்குறிப்பைப் பார்த்து விமானியின் பகுதியை நிகழ்த்தினார். அவரே நேயர்! பனிப்புயலையும் இயந்திர ஓசையையும் வானொலி தரும். எஞ்சியதை நேயர் தம் குரலால் நிறைவுசெய்தல் வேண்டும். கேட்பவன் பேசவும் வேண்டும் என்பதே பிறெக்டின் கொள்கை.

நான்கே ஆண்டுகள் சென்றன. 1933இல் நாஜிகள் மலிவு விலையில் 'மக்கள் வானொலி'யை வெளியிட்டனர். அதிற் கேட்க மட்டுமே முடியும். மறுமொழி கூற வழியில்லை. லிண்ட்பேர்க்கும் நாஜிகள்பால் நட்புக் கொண்டவரானார். 1950இல் பிறெக்ட் அவர் பெயரையே நாடகத்திலிருந்து நீக்கினார்.

1965 ஜூலை 23ஆம் நாள் நியூயோர்க்கில் ஜோன் கேஜும் நடனக் கலைஞர் மேர்ஸ் கன்னிங்ஹாமும் ஒரு புதுமையை நிகழ்த்தினர். பின்னே திரைப்படமும் தொலைக்காட்சிப் பிம்பங்களும் ஒளிர்ந்தன. மேடையில் நட்டிருந்த உணர்கம்பங்களை ஆடுவோர் நெருங்கியபோது ஒலி தூண்டப்பட்டது. கம்பங்களை அமைத்தவர் றொபேர்ட் மூக். ஆயினும், ஒலிநாடாக்களும் சிற்றலை வானொலிகளும் தந்த அவ்வொலியை வெளிவிடுவதும் மாற்றுவதும் கருவிகளின் முன்னமர்ந்த இசைஞரின் கையிலேயே இருந்தன. தூண்டியவர் ஒருவர், தீர்மானித்தவர் மற்றொருவர்.

இன்று கணினி, பார்வையாளரின் காலடியைக்கூட இசையாக்குகிறது. அதனால் மட்டும் அவர் பங்காளியாகிவிடுவதில்லை. எந்த அசைவுக்கு எந்த ஒலி என்பதைப் பிறரே முன்கூட்டி வகுத்துவிட்டால், அவர் பழைய நேயரே. அவ்விதியை வகுக்கும் உரிமையும் மக்களைச் சேரும் நாளிலேயே அரங்கு மக்கள் அரங்காகும்.