தலைக்காசு

திருப்பாலைவனத்தில் நின்று வேலைத்தளக் கொடுமையைப் பேசும் நாம், பக்கத்திலிருக்கும் பழவேற்காட்டைத் தாண்டிப் போக முடியாது. 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக் கம்பெனி, துணியை வாங்கியது போலவே ஆளையும் வாங்கியது. பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்.

மனிதரைச் சொத்தாகக் கருத மறுத்த சட்டம் 1843இல் வந்தது. அதற்குள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் திரட்டல் தொடங்கிவிட்டது. இம்முறை விலை இல்லை, முன்பணம். கொடுத்தவர் கங்காணி. போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். பெரிய கங்காணிகளில் பலர் வெள்ளாளர், கள்ளர், அகமுடையார்.

கங்காணி ஏன் அடித்தார்? அவர் குணம் அப்படி என்று முடித்துவிடலாம். சினிமாக் கங்காணி பிறவியிலேயே கொடியவர்தான். நாம் அவருடைய வரும்படியைப் பார்க்கிறோம். பெரட்டுக்களத்துக்கு வந்து பேர் விழுந்த ஒவ்வோர் ஆளுக்கும் தினமும் சில சதம் தலைக்காசு. காய்ச்சலில் லயத்தில் படுத்தவருக்கு அன்று பேர் இல்லை, கங்காணிக்கும் காசு இல்லை. பிள்ளை பெற்றவள் எழுந்து வராவிட்டாலும் அதே நட்டம். இரக்கப்பட்டால் கைக்காசு போகும்படி செய்யப்பட்ட ஏற்பாடு அது.

அத்தோடு கடன். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளி பேரில் பற்று. கங்காணியோ தோட்டத்துக்குக் கடன்பட்டவர். கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிய ‘துண்டு’ தோட்டம் விட்டுத் தோட்டம் போனது. ஆட்களும் அதன் பின்னால் போனார்கள், கடன் ஏறியபடியே. ஓடினால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. மேலே துரை நெருக்குகிறார், கீழே இருப்பவர் ஓட வழியில்லை. நடுவில் இருப்பவரிடம் பிரம்பு. ஊரிலேயே அடித்துப் பழகிய சாதிக்கு அதை ஓங்கக் கூச்சமிருக்கவில்லை.

சாதி மட்டுமே காரணம் என்றும் நாம் சொல்லமாட்டோம். நம் சாதிகளிலிருந்து வந்த சில்லறைக் கங்காணியும் தலைக்காசு வாங்கினார், அவரும் அதட்டினார். இதைப் பேச நம் மேடைகள் இன்னும் தயங்குகின்றன.

துண்டுமுறை 1921இல் தடைசெய்யப்பட்டது. 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியபோது எதிர்த்தவர்களில் கங்காணிகளும் இருந்தார்கள்.

இங்கே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பின்னும் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. அவர்களைக் கட்டிவைத்திருந்ததும் முன்பணம்தான்.