முதல் மாரத்தான்: டார்கெட் எவ்வளவு, வேகம் எவ்வளவு? வாசுதேவநல்லூர் ரோட்டில் ஒரு கணக்கு!

மார்கழி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வாசுதேவநல்லூர் மெயின் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது, டீக்கடை அண்ணாச்சி ஒருவர் மறித்து, "என்னம்மா, போலீஸ் செலக்‌ஷனா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, மாரத்தான். நாப்பத்திரெண்டு கிலோமீட்டர்."

"அதுக்குத்தான் தென்காசிக்கு பஸ் போகுதுல்லா?"

கரெக்டாத்தான் சொன்னார். எங்க ஊரில் கிளம்பி புளியங்குடி, கடையநல்லூர் தாண்டித் தென்காசி வரை போனால், கிட்டத்தட்ட ஒரு மாரத்தான். துல்லியமாகச் சொன்னால் மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஓடிய தூரம் அது. 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

அண்ணாச்சியின் முதல் கேள்வியிலும் விஷயம் இருக்கிறது. சங்கரன்கோவில், சிவகிரி பக்கமெல்லாம் ஓட்டம் என்றால் பலருக்கு அது காக்கிச்சட்டைக்கான ஓட்டம்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கணும். அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். நானும் காலேஜ் முடித்த கையோடு அதற்கு ஓடியவள்தான். அதில் ஒரே பாடம்: விசில் அடித்ததும் பாய்ந்துவிட வேண்டும். மாரத்தானில் ஆளைக் கவிழ்ப்பது அதே பழக்கம்தான்.

என் முதல் மாரத்தானின் கதை

நாலரை மணி நேரத்தில் முடிப்பதாக ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அதற்கு முன் நான் ஓடிய அதிகபட்ச தூரம் 24 கிலோமீட்டர். இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

முதல் 10 கிலோமீட்டர் சரியாக ஒரு மணி நேரம். காற்றில் மிதப்பது போல இருந்தது. பாதி தூரத்தை 2 மணி 10 நிமிடத்தில் தொட்டேன். 30-வது கிலோமீட்டர் பலகை வந்தபோது 3 மணி 13 நிமிடம். அதற்குப் பிறகு தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. மீதி 12 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நடந்தேன், நின்றேன், ஒரு மீடியனில் உட்கார்ந்து அழவும் செய்தேன். மொத்தம் 5 மணி 41 நிமிடம்.

வீட்டுக்கு வந்து கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தபோதுதான் எரிச்சலே வந்தது. முதலிலிருந்தே கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 30 விநாடி என்று சோம்பேறித்தனமாக ஓடியிருந்தால்கூட, 5 மணி 16 நிமிடத்தில் முடிந்திருக்கும்!

அந்த 30-வது கிலோமீட்டரில் என்னதான் நடக்குது?

ஓட்டக்காரர்கள் இதை 'சுவரில் மோதுவது' என்பார்கள். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. சராசரியாக 1,500 முதல் 2,000 கலோரி அளவுக்கு. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தோராயமாக 1 கலோரி செலவாகும். 60 கிலோ எடை உள்ளவருக்கு மொத்த தூரத்துக்கு 2,500 கலோரி. பற்றாக்குறை புரிகிறதா?

மிச்சத்தைக் கொழுப்பிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும். ஆனால், வேகம் கூடக்கூட அது கொழுப்பை விட்டுவிட்டு கிளைகோஜனையே அதிகம் கேட்கும். ஆரம்பத்தில் காட்டும் அவசரத்துக்கான பில் கடைசி 10 கிலோமீட்டரில் வருவது இதனால்தான்.

டார்கெட்டை எப்படி வைக்கிறது?

ஆசையை வைத்து அல்ல, ஏற்கெனவே ஓடியதை வைத்து. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கர் 1970-களில் ஒரு சூத்திரம் கொடுத்தார். இன்று இணையத்தில் இருக்கும் பல ரன்னிங் கால்குலேட்டர்களுக்கு அடிப்படை அதுதான். அதன்படி, 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடுபவர் மாரத்தானை 4 மணி 36 நிமிடத்தில் முடிக்கலாம். ஆனால், அது முழு மாரத்தானுக்கும் பயிற்சி எடுத்த உடம்புக்கான கணக்கு. முதல்முறை ஓடுபவர்களுக்கு நான் நம்புவது இன்னொன்று: உங்கள் அரை மாரத்தான் நேரத்தை இரண்டால் பெருக்கி, 20 முதல் 30 நிமிடம் சேருங்கள். 2 மணி 15 நிமிடத்தில் அரை மாரத்தான் முடித்தவருக்கு 4.50-லிருந்து 5 மணி நேரம். வெயில், புழுக்கம் என்றால் இன்னும் கொஞ்சம். அரை மாரத்தானே ஓடியதில்லையா? அப்போ முழு மாரத்தானுக்கு இந்த வருஷம் பணம் கட்டாதீங்க. கடுமையாகத் தெரிந்தாலும் அதுதான் என் கருத்து.

ஒரே டார்கெட்டோடு போகவும் வேண்டாம். மூன்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கூடிவந்தால் இந்த நேரம், சாதாரண நாளாக இருந்தால் இந்த நேரம், எதுவுமே சரியில்லை என்றால் காயமில்லாமல் முடித்தால் போதும். ஒன்று கைவிட்டுப்போனால் அடுத்ததைப் பிடித்துக்கொள்ள முடியும். எனக்கு நாலரை போனதும் பிடிக்க எதுவுமே இல்லை. போட்டிக்கு 'கட்-ஆஃப்' நேரம் எவ்வளவு என்பதையும் பதிவு செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

போனில் குறித்துக்கொள்ள: 4.30 மணி நேரத்துக்கு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி. 5 மணி நேரத்துக்கு 7.06. ஐந்தரைக்கு 7.49. ஆறு மணி நேரத்துக்கு 8.32.

ஓடும்போது...

2023-ல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் உலக சாதனை படைத்தபோது, முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 விநாடி எடுத்தார். இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடி. அவரே முதல் பாதியில் கையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறார், நமக்கென்ன!

முதல் 5 கிலோமீட்டரில் டார்கெட்டைவிட 10, 15 விநாடி மெதுவாகவே போங்கள். எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று 15 வரை சோதித்துக்கொண்டே இருங்கள். ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால் வேகம் ஜாஸ்தி. 30 வரை வேகத்தைக் கூட்டக் கூடாது. தண்ணீர் கொடுக்கும் இடங்களில் 30 விநாடி நடப்பதில் எந்த அவமானமும் இல்லை, நடுவில் நின்றுபோவதைவிட அது எவ்வளவோ மேல்.

கையிலிருக்கும் வாட்சை ரொம்ப நம்ப வேண்டாம். பாதையை அளப்பது மிகக் குறுகிய கோட்டில். நாம் வளைவுகளில் அகலமாகச் சுற்றுவோம், ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் தடுமாறும். அதனால் வாட்ச் 42-ஐக் காட்டும்போது முடிவுக்கோடு இன்னும் தள்ளி இருக்கும். ரோட்டோரப் பலகைகளைப் பார்த்து ஓடுங்கள்.

சாப்பாடு: ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் கிடைக்கும். பேரீச்சம்பழமும் ஓகே. கோவில்பட்டி கடலை மிட்டாயை நான் முயற்சி செய்து மூச்சடைத்துப்போனேன், அது ஓட்டம் முடிந்த பிறகுதான். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். எங்க பக்கத்து புளியங்குடி எலுமிச்சையில் உப்பு, சர்க்கரை போட்ட ஜூஸை நீண்ட ஓட்டங்களிலேயே பழகிக்கொண்டேன். போட்டி நாளில் புதிதாக எதையும் வாயில் போடக் கூடாது. வலி மாத்திரையும்தான், அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் டார்கெட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு நின்றுவிடுங்கள்.

ஊரில் பயிற்சி எடுப்பவர்களுக்கு

சென்னை ரன்னர்ஸ் அமைப்பின் சென்னை மாரத்தான் ஜனவரியில் நடக்கும். அதற்கு ஆகஸ்டிலேயே தொடங்கினால்தான் 18, 20 வாரம் கிடைக்கும். வாரம் நான்கு நாள் போதும், அதில் மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடும் வேகம். ஞாயிறு நீண்ட ஓட்டம் 30, 32 கிலோமீட்டர் வரை வளரட்டும். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறையுங்கள்.

மேற்கே தலையணை பக்கம் போகும் ரோடு எனக்குப் பிடித்தது. மலையை நோக்கி ஏறும்போது வாட்சை மறைத்துவிட்டு, மூச்சு சீராக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். திரும்பும்போது இறக்கத்தில் கால் தானாகப் பறக்கும், அப்போது பிடித்து நிறுத்துவதுதான் நிஜமான பயிற்சி. தேசிய நெடுஞ்சாலையில் ஓடினால் எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி வலது ஓரமாக ஓடுங்கள். இருட்டில் கேரளா லாரிகள் வேகமாக வரும், ஒளிரும் ஜாக்கெட் கட்டாயம். பெண்கள் துணையோடு போவது நல்லது. எனக்குத் தம்பி சைக்கிளில் வருவான், கொட்டாவி விட்டுக்கொண்டே.

இந்த முறை என் டார்கெட் 5 மணி 15 நிமிடம். 10-வது கிலோமீட்டர் பலகையை 75 நிமிடத்துக்கு முன்னால் தொடக் கூடாது என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போகப்போகிறேன். முடிந்ததும் உடனே உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். மறுநாள் மாடிப்படி இறங்க முடியாவிட்டால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப் பாருங்கள், வலி குறைவாக இருக்கும்.