கத்சுரா ஆற்றங்கரை மாளிகை

பதவியை இழந்தோர் படை திரட்டியதை வரலாறு பலகாற் கூறும். தோட்டம் அமைத்த ஒருவரைப் பற்றி நேயர்களுக்கு இன்று கூற விழைகின்றேன்.

யப்பானின் பழைய தலைநகராகிய கியோத்தோவின் மேற்குப் புறத்திலே கத்சுரா ஆறு ஓடுகின்றது. அதன் கரையில் மாளிகையொன்றைத் தொடங்கியவர், பேரரசரின் தம்பியாகிய தோஷிஹித்தோ (1579–1629). நாட்டைத் தம் ஆணைக்குள் வைத்திருந்த ஹிதெயோஷி இவரைச் சுவீகாரம் எடுத்திருந்தார். 1589இல் தமக்கே மகன் பிறந்ததும் விலக்கிவிட்டார். 1598இல் தமையனார் அரியணையை அளிக்க விரும்பினார், அதுவும் கைகூடவில்லை. இருமுறை உயர்நிலை கைநழுவியபின், இளவரசர் பழம் இலக்கியத்திலே மனம் வைத்தார்.

ஹிதெயோஷியோ பொன் தகடு வேய்ந்த அறையிலே தேநீர் விருந்து நடத்தியவர். அவர் கட்டிய ஒசாக்காக் கோட்டை 1615இல் தீக்கிரையாயிற்று. அவர் குலமும் அன்றோடு முடிந்தது. ஏறக்குறைய அக்காலத்திலேதான் கத்சுராவில் வேலை தொடங்கிற்று. தந்தை விட்ட பணியை மகன் தோஷித்தாதா நிறைவேற்றினார்.

அங்கே செல்பவருக்குக் குளம் உடனே தோன்றாது. ஒரு தேவதாரு மரம் காட்சியை மறைத்து நிற்கும். படிக்கற்களிற் கால் பார்த்து நடக்க, வளைவுக்கு வளைவு நீரும் தீவும் வெளிப்படும். ஷோக்கிந்தெய் என்னும் தேநீர்க் குடிலின் கூரை புல்லால் வேயப்பட்டது. உள்ளே நீலமும் வெண்மையுமான கட்டங்கள் ஒட்டிய தாட்கதவுகள் உள்ளன. தேநீர் அறையின் வாயிலோ மிகச் சிறியது. அரசகுமாரரும் முழந்தாளிட்டே நுழைதல் வேண்டும்.

பெருமனையின் முன்னே, நிலவைக் காண்பதற்கென்றே மூங்கில் மேடையொன்று அமைந்துள்ளது. ஆறு பெருக்கெடுக்குமென்பதை அறிந்து, மனையின் தளத்தை உயர்ந்த தூண்களின்மேல் எழுப்பினர். ஆற்றின் பக்கம் கன்மதில் இல்லை. உயிருள்ள மூங்கில்களை வளைத்துப் பின்னிய வேலியே உண்டு. வெள்ளம் வந்தால் நீர் உட்புகும். அது சுமந்துவரும் குப்பையை வேலி தடுத்துவிடும்.

1881இல் அக்குடும்பமும் சந்ததியற்றுப் போயிற்று. 1883இல் மாளிகை அரச குடும்பத்தின் உடைமையாயிற்று. 1933இல் அதனைக் கண்ட செர்மானியக் கட்டடக் கலைஞர் புரூனோ தௌத்து, அதன் எளிமையை உலகறியச் செய்தார். 1976 முதல் 1982 வரை பெருமனையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செப்பனிட்டனர்.

பகைவரைத் தடுக்க எழுந்த கோட்டை ஒரு கோடையிலே எரிந்தது. வெள்ளத்துக்கு வழிவிட்ட மனையோ முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றது.